நிலச் சீரழிவையும் பிழைப்பையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவருதல்: படிப்படியான வழிகாட்டி

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே செயற்கைக்கோள் படத்தை இறக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் சிவப்பும் பச்சையுமாக ஒரு வரைபடம் தயார். அப்புறம்தான் கேள்வி வரும்: "மக்களின் பிழைப்பை இதில் எங்கே சேர்ப்பது?" அந்தக் கட்டத்தில் சேர்ப்பது பெரும்பாடு. படம் 30 மீட்டர் கட்டங்களில் பேசும். வீட்டுக் கணக்கெடுப்பு ஊர்க் கணக்கில் பேசும். இரண்டும் ஒட்டாது.

அதனால் இந்த வழிகாட்டியில் படத்தை இறக்குவது மூன்றாவது படியாகத்தான் வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வரைபடத் தரவைக் கையாளும் கியூஜிஐஎஸ் மென்பொருள், அதற்குள் இயங்கி நிலச் சீரழிவைக் கணக்கிடும் ட்ரெண்ட்ஸ்.எர்த் செருகுநிரல், செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சின் கணக்கு. மூன்றையும் பணம் கட்டாமல் பயன்படுத்தலாம்; எர்த் எஞ்சின் மட்டும் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கேட்கும். ராஸ்டர் (கட்டங்களாலான படம்), வெக்டர் (புள்ளி, கோடு, எல்லை) வித்தியாசம் தெரிந்திருந்தால் போதும். நிரல் எழுதத் தெரிந்தால் வேகம் கூடும், அவ்வளவுதான். இவற்றைவிட முக்கியம், அந்த நிலத்தில் பல வருடம் நடந்த இரண்டு மூன்று பேரின் நேரம். அதை முன்கூட்டியே கேட்டு வாங்கிவையுங்கள். அறுவடைக் காலத்தில் போய் நின்றால் யாரும் பேச மாட்டார்கள்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"பாலைவனமாதலின் தாக்கம்" என்பது தலைப்பு. "2001 முதல் 2023 வரை மேய்ச்சல் நிலத்தின் விளைதிறன் குறைந்த இடங்களில், கால்நடையை நம்பிய குடும்பங்கள் மந்தையைக் குறைத்தார்களா?" என்பது கேள்வி. காலம், நிலப் பயன்பாடு, என்ன கெட்டது, யாருக்கு, அவர்கள் வாழ்வில் எது மாறியது என ஐந்தும் அதில் இருக்கின்றன. ஒன்று விடுபட்டாலும் பின்னால் எந்தத் தரவு வேண்டும் என்று முடிவெடுக்க முடியாமல் தடுமாறுவீர்கள்.

சொற்களையும் இப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பாலைவனமாதல் என்றால் மணல்மேடு ஊருக்குள் நகர்ந்து வருவது என்று பலர் நினைக்கிறார்கள். 1994இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையின்படி, வறண்ட, ஓரளவு வறண்ட, உலர் ஈரப்பதப் பகுதிகளில் தட்பவெப்ப மாற்றங்களும் மனிதச் செயல்களும் உள்ளிட்ட காரணங்களால் நிலம் சீரழிவதுதான் பாலைவனமாதல். ஆண்டு மழையை, சாத்தியமான நீராவிப்போக்கால் (தட்டுப்பாடின்றி நீர் இருந்தால் மண்ணும் செடியும் ஆவியாக்கக்கூடிய அளவால்) வகுத்தால் கிடைக்கும் வறள்நிலைக் குறியீடு 0.05க்கும் 0.65க்கும் இடையில் இருக்கும் நிலத்துக்கே அந்தச் சொல் பொருந்தும். 0.05க்குக் கீழே உள்ளது இயற்கையான பாலை. அது புதிதாகப் பாலையாக முடியாது. 0.65க்கு மேலே போனால் அதை நிலச் சீரழிவு என்று மட்டும் சொல்லுங்கள்.

இந்த எல்லையை ஒரு அடுக்காக முதலிலேயே வரைந்துவிடுங்கள். வரையாதவர்கள் கடைசியில் பாலைவனத்தின் நட்டநடுவே "கடும் சீரழிவு" என்று சிவப்பு அடித்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

2. நிலமும் பிழைப்பும் சந்திக்கும் அலகைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகம் தவறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு குடும்பம் எந்த நிலத்தை நம்பி வாழ்கிறதோ, அந்த நிலமும் அந்தக் குடும்பமும் ஒரே அலகுக்குள் விழ வேண்டும். விவசாயி என்றால் வயலும் அதற்கு நீர் தரும் நீர்வடிப் பகுதியும். மேய்ப்பர் என்றால் வீட்டைச் சுற்றியுள்ள நிலம் கிட்டத்தட்ட பொருட்டே இல்லை. கோடையில் அவர் மந்தை எங்கே போகிறது என்பதே கணக்கு. வீட்டைச் சுற்றி 5 கி.மீ. வட்டம் போட்டு அதற்குள் சீரழிவை அளந்தால், நாற்பது கி.மீ. தள்ளி மேயும் மந்தையின் கதை அதில் வராது. எண்கள் மட்டும் கச்சிதமாக வரும், அதுதான் ஆபத்து.

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி, பெரிய காகிதத்தில் ஊரையும் ஓடையையும் குறித்துவிட்டு பேனாவை அவர்களிடமே கொடுத்துவிடுவது. "எந்த மாதம் எங்கே ஓட்டிப் போவீர்கள்? விறகு எங்கே? தண்ணீர் எங்கே?" பெண்களிடம் தனியாக ஒரு தாள் கொடுங்கள். ஒரே ஊரில் ஆண்கள் வரைந்த வரைபடமும் பெண்கள் வரைந்த வரைபடமும் பாதிகூட ஒத்துப்போகாததைப் பலமுறை கண்டிருக்கிறேன். விறகுக்கும் தண்ணீருக்கும் போகும் நிலம் ஆண்களின் தாளில் வெறும் வெற்றிடம்.

சொந்தமாகக் கணக்கெடுக்க வசதி இல்லாமல், ஏற்கெனவே உள்ள தேசியக் கணக்கெடுப்பைப் பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் இருப்பிடப் புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பல நாடுகளில் நடக்கும் டிஎச்எஸ் என்ற மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் தனியுரிமைக்காகப் புள்ளிகளை வேண்டுமென்றே நகர்த்துகிறார்கள்: நகரத்தில் 2 கி.மீ. வரை, கிராமத்தில் 5 கி.மீ. வரை, கிராமப் புள்ளிகளில் நூற்றுக்கு ஒன்று 10 கி.மீ. வரை. அந்தப் புள்ளிக்கு நேர்கீழே உள்ள பிக்சலின் (படத்தின் ஒரு கட்டத்தின்) மதிப்பை எடுத்து வீட்டோடு இணைப்பது, பக்கத்து ஊர் நிலத்துக்கு இந்த ஊர் வருமானத்தை எழுதுவது போல. கிராமப் புள்ளிக்குக் குறைந்தது 5 கி.மீ. ஆரத்துக்குள் சராசரி எடுங்கள்.

அலகு முடிவானதும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். நிலத் தரவு, வீட்டுத் தரவு, களக் குறிப்பு எல்லாவற்றிலும் அதே எண். பிறகு மாற்றாதீர்கள்.

3. தரவு: கூர்மையைவிட நீளம் முக்கியம்

சீரழிவு என்பது போக்கு. போக்கைக் காண நீண்ட வரிசை வேண்டும். செயற்கைக்கோள் படங்களில், மோடிஸ் 2000 பிப்ரவரியிலிருந்து 250 மீட்டரில் கிடைக்கிறது. லேண்ட்சாட் 30 மீட்டரில் 1984 முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. சென்டினல்-2 பத்து மீட்டர் கூர்மை தரும். ஆனால் 2015இல்தான் தொடங்கியது. புதியவர்கள் பளிச்சென்று இருக்கிறதே என்று சென்டினல் பக்கம் சாய்கிறார்கள். போக்குக்கு மோடிஸ் அல்லது லேண்ட்சாட், இப்போதைய நிலையைக் கிட்டத்தில் பார்க்க சென்டினல் என்று பிரித்துக்கொள்வதே சரி.

இரண்டே இரண்டு வருடப் படங்களை ஒப்பிட்டு "இவ்வளவு நிலம் கெட்டுவிட்டது" என்று எழுதாதீர்கள். முதல் வருடம் நல்ல மழை, இரண்டாவது வருடம் பொய்த்த மழை என்றால், நீங்கள் அளந்தது வானிலையை.

தெரியாமல் காலை வாரிவிடும் சில விஷயங்கள் உண்டு. லேண்ட்சாட் 7இன் ஒரு கருவி 2003 மே இறுதியில் பழுதானது. அதற்குப் பிந்தைய படங்களில் வரிவரியாக இடைவெளி இருக்கும். லேண்ட்சாட் 8இன் அலைவரிசைகள் முந்தைய கருவிகளிலிருந்து சற்று மாறுபட்டவை. சரிசெய்யாமல் ஒட்டினால் 2013இல் செடிகொடி திடீரென்று கூடியதுபோலத் தெரியும். சென்டினல்-2இல் 2022 ஜனவரி 25 முதல் வந்த படங்களின் மதிப்பில் 1000 கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. எர்த் எஞ்சினில் "ஹார்மனைஸ்டு" என்ற பெயருள்ள தொகுப்பை எடுத்தால் இது சரிசெய்தே வரும். ஒருமுறை இதைக் கவனிக்காமல் விட்டு, மாவட்டம் முழுக்க ஒரே வருடத்தில் வாடிப்போனதாக வரைபடம் போட்டேன். நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன் ஒருவர் சிரித்துவிட்டார்.

4. படத்தைச் சீராக்குதல்

மேகத்தையும் மேக நிழலையும் நீக்குங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே பருவத்தை எடுங்கள். பயிர்ப்பருவம் முழுவதற்குமான தாவரக் குறியீட்டை (பச்சையின் அளவைச் சொல்லும் எண்; அடுத்த படியில் விளக்கம்) கூட்டினால் இன்னும் நல்லது. பரப்பளவு கணக்கிடும் முன் சம பரப்பு வீழலுக்கு (பரப்பளவைச் சிதைக்காமல் உருண்டை பூமியைத் தட்டையாக்கும் முறைக்கு) மாற்றுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும் படத்தில் பிக்சலை எண்ணி ஹெக்டேர் சொல்ல முடியாது: ஒரு பாகை தீர்க்கரேகையின் அகலம் நிலநடுக்கோட்டில் சுமார் 111 கி.மீ., 60 பாகை அட்சத்தில் அதில் பாதி.

5. விளைதிறன் போக்கும் மழையைக் கழிப்பதும்

என்.டி.வி.ஐ. என்ற தாவரக் குறியீடு, அண்மை அகச்சிவப்பு ஒளிக்கும் சிவப்பு ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துக் கிடைப்பது. ஒவ்வொரு பிக்சலுக்கும் வருடாவருட மதிப்பை எடுத்து மான்-கெண்டல் என்ற புள்ளியியல் சோதனை செய்தால் போக்கு ஏறுகிறதா, இறங்குகிறதா, தற்செயலா என்று தெரியும். தாவரம் மிக அரிதான இடத்தில் மண்ணின் நிறமே குறியீட்டை ஆட்டிவைக்கும். அங்கே மண்ணுக்குத் திருத்தம் செய்த எஸ்.ஏ.வி.ஐ. குறியீட்டைப் பயன்படுத்துங்கள்.

வறண்ட நிலத்தில் பச்சை கூடுவதும் குறைவதும் பெருமளவு மழையைப் பொறுத்தது. அதனால் மழையின் பங்கைக் கழிக்க வேண்டும். சிர்ப்ஸ் மழைத் தரவு 1981 முதல் சுமார் 5 கி.மீ. கட்டங்களில் கிடைக்கிறது. முதலில் அந்த இடத்தில் எவ்வளவு மழைக்கு எவ்வளவு பச்சை என்று ஒரு ரிக்ரெஷன் கோடு போடுங்கள். 400 மி.மீ. மழைக்குக் குறியீடு 0.34 வர வேண்டும் என்று கோடு சொல்கிறது, வந்தது 0.29 என்று வைத்துக்கொள்வோம். மீதி மைனஸ் 0.05. இப்படி ஒவ்வொரு வருட மீதியையும் வரிசையாக வைத்து, அது தொடர்ந்து இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால், மழை பெய்தும் நிலம் பழைய அளவுக்குத் தருவதில்லை என்று பொருள். இந்த முறைக்கு ரெஸ்ட்ரெண்ட் என்று பெயர்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. நிலம் மிக மோசமாகக் கெட்டுவிட்டால் மழைக்கும் பச்சைக்கும் உள்ள உறவே அறுந்துபோகும். அங்கே கோடு போட்டுப் பயனில்லை. கோடு பொருந்தாத பிக்சல்களைத் தனி வகையாக வையுங்கள். நீர்ப்பாசன நிலத்திலும் இந்த முறை வேலை செய்யாது.

எந்த வருடத்தில் தொடங்குகிறோம் என்பதும் முடிவைத் தலைகீழாக்கும். ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் 1980களின் தொடக்கம் கடும் வறட்சிக் காலம். அங்கிருந்து கணக்கைத் தொடங்கினால் பல இடங்கள் பச்சையாகிக்கொண்டே வருவதாகத் தெரியும். வறட்சியிலிருந்து மீண்டது எவ்வளவு, நிலமே தேறியது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். தொடக்க வருடத்தை இரண்டு மூன்று விதமாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். எல்லா ஓட்டத்திலும் நிற்கும் முடிவையே எழுதுங்கள்.

6. நிலப்போர்வையும் மண் கார்பனும்

நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் 15.3.1 குறியீடு மூன்றைப் பார்க்கிறது: விளைதிறன், நிலத்தை மூடியிருப்பது எது, மண்ணின் அங்ககக் கார்பன். மூன்றில் ஒன்று கெட்டாலும் அந்த இடம் கெட்டது என்றே கணக்கு. ட்ரெண்ட்ஸ்.எர்த் இதைத் தானாகவே போட்டுத் தரும்.

தானாக வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். புல்வெளி மரக்காடாக மாறினால் நல்லது, காடு வயலானால் கெட்டது என்று ஒரு மாற்றப் பட்டியல் அதற்குள் இருக்கிறது. உங்கள் பகுதிக்கு அது பொருந்துமா என்று பார்த்துத் திருத்தலாம், திருத்த வேண்டும். மண் கார்பன் மாற்றமும் வழக்கமான அமைப்பில் நிலப்போர்வை மாற்றத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. நிலப்போர்வையில் ஒரு பிழை இருந்தால் கார்பனிலும் அதே பிழை வரும். இரண்டும் ஒத்துப்போவதைப் பார்த்து "இரண்டு சான்று" என்று மகிழ வேண்டாம்.

7. என்ன கெட்டது என்று பெயர் சொல்லுங்கள்

"சீரழிவு: அதிகம்" என்ற ஒற்றை வகை யாருக்கும் உதவாது. நீர் அரிப்பா, காற்று அரிப்பா, உவர்ப்பா, தாவர இழப்பா என்று தெரிந்தால்தான் பிழைப்போடு இணைக்க முடியும். இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் வெளியிடும் நிலவரை ஏட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் நிலப் பயன்பாடு, சீரழிவின் வகை, கடுமை மூன்றையும் சேர்த்த ஒரு குறியீடு கொடுக்கிறார்கள். அந்த முறை நல்ல முறை. சிறிய பகுதிக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.

பச்சையாகத் தெரியும் இடங்களையும் கேள்வி கேளுங்கள். கென்யாவின் பாரிங்கோ, எத்தியோப்பியாவின் அஃபார் பகுதிகளில் சீமைக் கருவேலம் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. மேலிருந்து பார்க்கும் தாவரக் குறியீட்டுக்கு அது முன்னேற்றம். புல்லை இழந்த மேய்ப்பருக்கோ முள்காடு. அதேபோல் ஆழ்துளைக் கிணற்று நீரை உறிஞ்சிப் பச்சையாக நிற்கும் வயல்களும் நலம்போலவே தெரியும், நீர் வற்றும்வரை. கோடையிலும் குறையாத பச்சை தெரிந்தால் அந்த இடத்தைத் தனியாகக் குறித்து நேரில் போய்ப் பாருங்கள்.

8. களத்துக்குப் போகும்போது

போகவேண்டிய புள்ளிகளைக் கிளம்பும் முன்பே குலுக்கல் முறையில் எடுங்கள். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது 50 புள்ளிகள் என்பது வழக்கம். "மாற்றமில்லை" என்ற வகையிலும் எடுக்க வேண்டும். சிவப்புக்கு மட்டும் போனால் விட்டுப்போன சீரழிவு எவ்வளவு என்று கடைசிவரை தெரியாது. சாலையோரப் புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதும் அதே தவறுதான்.

இறங்கியதும் மண்ணைப் பாருங்கள். ஒரு மரத்தடியில் குனிந்தால் போதும்: வேர் கிளம்பும் கழுத்துப் பகுதி ஒரு காலத்தில் தரைமட்டத்தில் இருந்தது. இப்போது அது 12 செ.மீ. உயரத்தில் நிற்கிறது, வேர்கள் விரல்போல வெளியே தெரிகின்றன என்றால் அவ்வளவு மண் போயிருக்கிறது. ஊரார் அந்த மரத்தின் வயதைச் சொல்வார்கள். முப்பது வருடம் என்றால் வருடத்துக்கு 4 மி.மீ. ஒரே மரத்தை நம்பாதீர்கள், பத்து மரமாவது அளங்கள்; சில மரங்கள் இயல்பாகவே வேரைத் தூக்கிக்கொண்டு வளரும். கல்லுக்கடியில் மட்டும் மண் மேடாக நிற்பது, மேற்பரப்பில் சரளை மட்டும் மிஞ்சியிருப்பது, காலால் உடைக்க வேண்டிய மேல்தோல் ஆகியவையும் சாட்சிகள். உவர் சந்தேகம் இருந்தால் மண் மாதிரி எடுங்கள். சோதனையில் மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர் நிலம்.

முக்கியமாக, வரைபடத்தை முதலில் காட்டாதீர்கள். சிவப்பைப் பார்த்தால் "ஆமாம், கெட்டுத்தான் போச்சு" என்பார்கள். முதலில் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் விரித்துக் காட்டுங்கள்.

9. பிழைப்பை எப்படிக் கேட்பது

"உங்கள் வருமானம் குறைந்ததா?" என்பது வீண் கேள்வி. யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் வருமானம் குறையாமலேயே பிழைப்பு குலைந்திருக்கலாம்: மகன் வெளியூரிலிருந்து பணம் அனுப்புவான்.

நிலத்தோடு நேரடியாகக் கட்டுண்ட கேள்விகளைக் கேளுங்கள். வருடத்தில் எத்தனை மாதம் தீவனம் விலைக்கு வாங்குகிறீர்கள்? மாடு இருந்த இடத்தில் ஆடு வந்ததா? அதே விளைச்சலுக்கு முன்பைவிட எத்தனை மூட்டை உரம் கூடுதல்? எத்தனை முறை மறுவிதைப்பு? விறகுக்குப் போய்வர எவ்வளவு நேரம்? கடைசியாக எதை விற்றீர்கள், எதற்காக? உரக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். உரம் கூட்டி விளைச்சலை நிலைநிறுத்தும் இடத்தில் செயற்கைக்கோளுக்கு எந்தக் குறையும் தெரியாது. கடன் நோட்டில்தான் தெரியும்.

காலத்தை வருட எண்ணில் கேட்காமல், நிகழ்வை வைத்துக் கேளுங்கள்: பெருவெள்ளத்துக்கு முன்பா பின்பா, மூத்த மகள் கல்யாணத்தின்போது எத்தனை மாடு இருந்தது. நினைவு அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது.

ஒப்பிட ஆள் வேண்டும். நிலம் கெடாத அலகுகளிலும் அதே கேள்விகளைக் கேட்காவிட்டால், விலைச் சரிவாலோ புதுச் சாலையாலோ வந்த மாற்றத்தை நிலத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள். அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்பதிலும் கவனம். நிலம் கெட்டதால் ஏழையானார்களா, ஏழ்மையால் நிலத்தைத் தரிசாக விட்டு வெளியேறினார்களா? இரண்டும் நடக்கும். எது முதலில் நடந்தது என்ற தேதி இல்லாமல் "விளைவு" என்ற சொல்லை எழுதாதீர்கள். "சேர்ந்து காணப்படுகிறது" என்று எழுதுங்கள்.

10. இணைத்து வரைதல்

இரண்டாம் படியில் கொடுத்த எண்ணை வைத்து இரண்டு அட்டவணைகளையும் இணையுங்கள். நிலத்தின் நிலையை மூன்றாகவும் பிழைப்பு நெருக்கடியை மூன்றாகவும் பிரித்தால் ஒன்பது கட்டம் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கவனிக்க வேண்டியவை மூலைக் கட்டங்கள். நிலம் கெட்டும் நெருக்கடி இல்லாத அலகில் யாரோ எதையோ சமாளிக்கிறார்கள். நிலம் நன்றாக இருந்தும் நெருக்கடி உள்ள அலகில் நிலம் பிறர் கையில் இருக்கக்கூடும். மீண்டும் போய்ப் பேச வேண்டிய இடங்கள் இவை.

சிவப்பு–பச்சை ஜோடியைத் தவிருங்கள். நிறக்குருடு உள்ள பலருக்கு இரண்டும் ஒன்றே. தரவு இல்லாத இடத்துக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள், வெள்ளை விட்டால் "பாதிப்பில்லை" என்று படிப்பார்கள். பரப்பளவைச் சொல்லும்போது களச் சோதனையில் வந்த பிழையால் திருத்திய எண்ணை, இவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற வரம்போடு சொல்லுங்கள். தனி வீடுகளின் இருப்பிடத்தை வெளியிடும் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். கடன் விவரமும் முகவரியும் ஒரே கோப்பில் வெளியே போகக் கூடாது.

அச்சிட்டதும் முதல் பிரதியைக் களத்தில் பேசியவர்களிடம் கொண்டுபோங்கள். கையோடு ஒரு சிவப்புப் பேனாவும். அவர்கள் அடித்துத் திருத்தும் இடங்களைத் தரவில் தனி நெடுவரிசையாகச் சேர்த்து, திருத்திய தேதியோடு இரண்டாம் பதிப்பாகச் சேமியுங்கள். முதல் பதிப்பை அழிக்காதீர்கள்; ஐந்து வருடம் கழித்து இதே வேலையைச் செய்ய வருபவருக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.